கோடை ரயர் பூட்டிய கார்

என் கணவர் காரின் பின் இருக்கையில்தான் இருப்பார். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் இருப்பேன். எனக்குப் பக்கத்து இருக்கையில் என் கைப்பையும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கும். பரந்தன் சந்தியில் எங்களைப் பார்க்கிறவர்கள், யாரோ பெரிய அதிகாரி பெண் சாரதி வைத்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். ஒருமுறை வீதியில் மறித்த பொலிஸ்காரர் என்னுடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் குனிந்து அவருக்கு ஒரு ‘சேர்’ போட்டார். அவரும் பெரிய மனிதரைப் போலத் தலையசைத்தார். வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை.

சிரிக்கத்தான் சொல்கிறேன், ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த மனிதர் இருபது வருடத்துக்கு மேல் லொறி ஓடியவர். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கிளிநொச்சிச் சந்தையில் இறக்குவார். முரசுமோட்டையில் எங்கள் ஒழுங்கை ஒரு உழவு இயந்திரம் போனால் வேலி உரசுகிற அகலம். அதற்குள் லொறியைப் பின்பக்கமாகவே விடுவார். ஒரு கையில் ஸ்டியரிங், மற்றக் கையில் தேத்தண்ணிக் கோப்பை. கலியாணம் பேசி வந்தபோது நான் அவரிடம் மயங்கியதற்கு முகம் ஒரு காரணம் என்றால் அந்த ரிவேர்ஸ் இன்னொரு காரணம். இதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்.

ஒரு மாரிகாலம், கனகராயன்குளத்தடியில், அவருடைய லொறியின் முன் ரயர் வெடித்தது. தேய்ந்த ரயருக்கு மேல் புதுத் தோல் ஒட்டி விற்பார்களே, அந்த வகை. மழையில் தோல் உரிந்து, சில்லு இழுத்து, லொறி வீதியை விட்டிறங்கிப் பற்றைக்குள் போய் ஒரு பாலை மரத்தடியில் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தக்காளிப் பெட்டிகள்கூட அதிகம் சிந்தவில்லை. அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார், முழுகினார், சாப்பிட்டார், படுத்தார். அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கேட்டவர்களுக்கு முதுகு நோ என்று சொன்னார். பிறகு தமையனுடைய வயலைப் பார்க்கத் தொடங்கினார். ஊர் அந்த முதுகு நோவை நம்பியது. நெல்மூட்டையைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போடுகிறவருக்கு என்ன முதுகு நோ என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு வேறு பொய் தேட வேண்டிவரும்.

நான் விவசாயப் போதனாசிரியர். ஊர் ஊராகப் போய், வயல் வரம்பில் நின்று, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எப்போது பசளை போடுவது என்று சொல்வது என் வேலை. பல வருடம் ஸ்கூட்டரில்தான் திரிந்தேன். பிறகு ஜப்பானில் ஓடி வந்த ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கினோம். என் கணக்கு வேறாக இருந்தது. காரைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டால் அவருடைய கை தானாக அரிக்கும் என்று நினைத்தேன். அவர் காரைக் கழுவினார், துடைத்தார், கண்ணாடிக்குப் பவுடர் போட்டு மினுக்கினார். மாமர நிழல் நகர நகர, காரையும் தள்ளி நகர்த்த என்னைக் கூப்பிட்டார். ஸ்டியரிங்கில் மட்டும் கை வைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கிளிநொச்சியில் பழகுநர் பாடசாலை ஒன்றில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டேன். ஆசையில் லைசென்ஸ் எடுத்தவர்கள் பலர் இருப்பார்கள். கோபத்தில் எடுத்தவள் நான்.

ஆனாலும் எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மனிதர் திரும்பவும் வலது பக்க முன் இருக்கையில் ஏறி இருக்க வேண்டும். அவர் ஓடாமல் விட்டதில் எங்களுக்குச் சாப்பாடு குறையவில்லை. ஆனால் வீதியில் நல்ல லொறி ஒன்று போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த ஆவணியில் ஜேர்மனியிலிருந்து என் அண்ணா வந்தார். விமானத்தால் இறங்கி வந்த களைப்பும் தீராமல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து ரயரில் நகத்தை வைத்து அழுத்தினார்.

“தங்கச்சி, உது ரயரில்லை. கல்லு. உதில எப்பிடியம்மா இவ்வளவு நாளும் ஓடித் திரிஞ்சனீ?”

“ஏன், சுத்துதுதானே அண்ணா.”

“உரலும்தான் சுத்தும்.”

என் அண்ணா பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பதைவிட ரயரைப் பற்றிக் கூடக் கதைக்கிறவர். அங்கே பனிகாலத்துக்கு ஒரு ரயர், கோடைக்கு ஒரு ரயர். பனிகால ரயர் குளிரிலும் இளகி இருக்குமாம், சூட்டில் களியாகிவிடுமாம். கோடை ரயர் குளிரில் விறைத்துப் போகுமாம், சூட்டில்தான் அதன் வேலையைக் காட்டுமாம். அதிலும் வேகமாக ஓடும் கார்களுக்கென்று செய்கிற உயர்ந்த ரகம் ஒன்று இருக்கிறது, வளைவில் வீதியை விடாது, பிறேக் போட்டால் நினைத்த இடத்தில் நிற்கும் என்றார். உயிர்த்த ஞாயிறுக்குக் கிட்டவாகக் கோடை ரயரைப் பூட்டி முதல் வளைவைத் திரும்பும்போது, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடுவது போல இருக்கும் என்றார். “அங்கை எனக்கு அரை வருசம்தான் அந்தச் சந்தோசம். உங்களுக்கு வருசம் முழுக்கக் கோடை. நீங்கள் என்னடாவெண்டால் கல்லைப் பூட்டிக்கொண்டு திரியிறியள்.”

அடுத்த நாளே வவுனியாவுக்குப் போனோம். அண்ணா ஓடினார், நான் பக்கத்தில், என் கணவர் பின்னால். ரயர் கடைக்காரர் செட்டிகுளத்துக்காரர், தகப்பன் தாய் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவருடைய கடை வாசலில் எப்போதும் நாலைந்து வான்காரர்கள் தேத்தண்ணியோடு நிற்பார்கள். ரயர் வாங்க வந்தவரை விட, அவர் வாங்கப்போவதைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள்தான் அங்கே கூட.

அண்ணா கேட்ட ரயரைக் கடைக்காரர் உள்ளேயிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அகலமான கறுப்பு முகம், சுற்றிவர ஆழமான வாய்க்கால்கள், அவற்றில் வந்து விழுகிற சரிந்த சின்ன வெட்டுகள். வயலுக்கு வாய்க்கால் வெட்டுகிற முறையை நாள்தோறும் பார்க்கிறவள் நான். இந்த வாய்க்காலை வெட்டியவன் தண்ணீரின் போக்கு அறிந்தவன் என்று எனக்கு உடனே பட்டது.

“இது ரேஸ்காரங்க போடுறதுங்க” என்றார் கடைக்காரர். “நம்ம ரோட்டுக்குப் போட்டா சொகுசா இருக்கும். ஆனா மெத்துன்னு இருக்கிற ரப்பர். கல்லுல ஓட்டினா சீக்கிரம் தேஞ்சிரும், அதையும் சொல்லிர்றேன்.”

“கோடை ரயரெண்டால், மாரி வர கழட்டி வைக்கிறதோ?” என்று ஒரு வான்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

என் கணவர் சிரிக்கவில்லை. கடையின் மூலையில் நின்றவர் கிட்ட வந்தார். “மச்சான், மழைக்கு இது பிடிக்குமோ?” என்று அண்ணாவைக் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது.

அண்ணாவுக்கு என் கணவருடைய கதை தெரியும். பகிடி விடாமல் பதில் சொன்னார். “மழைக்கும் இதுதான் மச்சான். குளிருக்குத்தான் இது ஆகாது. எங்கட மழை சூட்டு மழைதானே. உந்த வாய்க்காலுக்குள்ளால தண்ணி பிரிஞ்சு போகும், ரப்பர் றோட்டிலேயே நிக்கும்.”

கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார். “ரெண்டு போட்டுருவமா? முன்னுக்குப் புதுசு, பின்னுக்கு இருக்கிறதே இருக்கட்டும்.” இங்கே எல்லாரும் செய்வது அதுதான். புதியது முன்னுக்கு, பழையது பின்னுக்கு, பின்னாலிருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

“நாலும் போடுங்கோ” என்றார் என் கணவர். வண்டி பற்றிய ஒரு விஷயத்தில் அவர் முடிவு சொல்லி நான் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

திரும்பி வரும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தினோம். அந்த வீதியில் ஓடுகிற எந்த வண்டியும் அவரைக் கும்பிடாமல் தாண்டாது. புது வண்டி, புது ரயர் என்றால் கேட்கவே வேண்டாம். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தோம். என் கணவர் தேங்காய் உடைத்தார், ஒரே அடியில் இரண்டு பாதி. அண்ணா காரின் திறப்பை அவரிடம் நீட்டினார்.

“மச்சான், தேசிக்காய்க்கு மேலால நீங்களே ஏத்துங்கோவன். ரெண்டு அடிதானே.”

என் கணவர் திறப்பைப் பார்த்தார். பிறகு வீதிக்கு அந்தப் பக்கம் கச்சான் கடலை விற்கிறவர்களைப் பார்த்தார். “நான் கச்சான் வாங்கியாறன்” என்று போய்விட்டார். தேசிக்காய்களை நான்தான் நசித்தேன். எனக்கு அழுகை வந்தது. பிள்ளையாரோடும் கொஞ்சம் கோபித்துக்கொண்டேன்.

அண்ணா போய்விட்டார். ரயர்கள் என்னோடு இருந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், நான் அவற்றின் மேல் ஆசைப்பட்டுவிட்டேன். அதுவரை கார் என்றால் எனக்கு மழை படாத ஸ்கூட்டர். இப்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்தால் கார் கேட்டது. முன்பு வளைவில் கார் முதலில் தயங்கி, பிறகு மனமில்லாமல் திரும்பும். இப்போது நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே போனது. தார் வீதியில் போகும்போது காலடியில் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கும். நல்ல மோட்டர் பம்ப் தண்ணீர் இறைக்கிறபோது தூரத்திலிருந்து கேட்பதுபோல ஒரு சத்தம். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வான்காரத் தம்பி ஒருநாள் காரைக் கேட்டு வாங்கித் தர்மபுரம் வரை ஓடிவிட்டு வந்தார்.

“அக்கா, இது றோட்டைக் கையால தடவிப் பாத்துப் பாத்து ஓடுதக்கா. என்ர வான் றோட்டைக் காணாமலே ஓடுது.” அன்று பின்னேரம் முழுக்கத் தன்னுடைய வானை அவர் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குறையும் இருந்தது. நான் போகிற வயல் வழியெல்லாம் கிறவல். அந்த இளகிய ரப்பர் ஒரு கல்லையும் விடாது. வாய்க்காலுக்குள் கவ்விக்கொண்டு வந்து, தார் வீதிக்கு ஏறியதும் டிக் டிக் டிக் என்று அடிக்கும். அந்தச் சத்தத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். ஒருநாள் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது முற்றத்தில் என் கணவர் குந்தியிருந்தார். கையில் ஒரு ஸ்குறூட்றைவர். முன் சில்லின் வெட்டுக்குள் சிக்கியிருந்த கல்லுகளை ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அது அவருடைய பின்னேர வேலையாகிவிட்டது. காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லி என்னைக் கூப்பிடுவார், ஒவ்வொரு சில்லாகப் பார்ப்பார். கல் எடுத்து முடிந்ததும் உள்ளங்கையை ரயரின் மேல் வைத்து ஒருமுறை தடவிவிடுவார். மாட்டின் முதுகைத் தடவுகிற பக்குவம். அது என்னத்துக்கு என்று கேட்டேன். “ஒருபக்கம் தேயுதோ எண்டு கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது” என்றார். அவர் திரும்பி வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் கதைத்தால் ஓடிவிடுவார் என்றும் தெரிந்தது.

ஒருநாள் பெற்றோல் செற்றில் காற்று அடிக்கப் போனோம். அங்கே நின்றவர் வழக்கம்போல ரயர் கல்லாகும்வரை அடித்தார். எங்கள் ஆட்களுக்கு ரயர் விறைத்து நின்றால்தான் திருப்தி. பின் இருக்கையிலிருந்தவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். “தம்பி, உதென்ன பந்தோ? குதிக்க விடப்போறீரோ? அரைவாசி முகம்தான் றோட்டில படப்போகுது. கொஞ்சம் இறக்கும், இறக்கும்!” என்று சத்தம் போட்டார். அந்தத் தம்பி முழித்தார். நானும் முழித்தேன். சத்தம் போடுகிற அந்த மனிதரைத்தான் நான் கலியாணம் கட்டியது.

பிறகு மழை வந்தது. வன்னியில் மழை வந்தால் வானத்தைக் கழற்றிக் கவிழ்த்ததுபோலத்தான் வரும். நெளுக்குளத்தில் அவருடைய அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். திரும்பும்போது ஓமந்தை தாண்டவே பிடித்துவிட்டது. வைப்பர் வேலை செய்தும் வீதியின் வெள்ளைக் கோடு தெரியவில்லை. கனகராயன்குளத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். ஒரு கை என் இருக்கையின் முதுகைப் பிடித்திருந்தது. அந்தக் கை இழுப்பதில் என் இருக்கையே அசைந்தது.

“நிப்பாட்டட்டோ அப்பா? மழை விடப் போவம்.”

“வேண்டாம். நிண்டால் பின்னால வாறவன் அடிப்பான். போ. மெல்லமாப் போ.”

வீதியில் அங்கங்கே தண்ணீர் நின்றது. பழைய ரயராக இருந்தால் அப்படியான இடத்தில் ஸ்டியரிங் கையில் வெறுமையாகிவிடும், கார் மிதக்கும். இப்போது ஒவ்வொரு முறையும் தண்ணீர் சர்ரென்று பிரிந்து விசிறும் சத்தம் கேட்டது, கார் கோட்டை விட்டு விலகவில்லை. அந்த வாய்க்கால்களை நான் மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே ஓடினேன். மாங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு மாட்டுக் கூட்டம் மழைத் திரைக்குப் பின்னாலிருந்து அப்படியே வீதியில் முளைத்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிறேக்தான். முழுப் பலத்தோடும் மிதித்தேன். காலுக்கடியில் பிறேக் கடகடவென்று அதிர்ந்தது. கார் மூக்கைக் கீழே குத்தியது, அவ்வளவுதான். இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. கயிறு போட்டு இழுத்துப் பிடித்ததுபோல நேராக நின்றது. முன்னால் நின்ற பசு எங்களைப் பார்த்துவிட்டு, அசைபோடுவதை நிறுத்தாமல், மெதுவாக நடந்து போனது.

பின்னால் கதவு திறந்தது. அவர் மழைக்குள் இறங்கிக் காரின் முன்பக்கம் போனார். நனைந்தபடியே குனிந்து முன் சில்லு இரண்டையும் பார்த்தார், திரும்பி நாங்கள் வந்த வழியைப் பார்த்தார். பிறகு இடது பக்க முன் கதவைத் திறந்து, என் கைப்பையையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். இருக்கை முழுக்க ஈரம்.

“நேரா நிண்டது” என்றார்.

“ஓம்.”

“இந்தத் தண்ணியில, நேரா நிண்டது.” நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கிளிநொச்சிவரை அவர் கண்ணை மூடவில்லை.

அன்றிலிருந்து அவருடைய இடம் முன் இடது இருக்கை. பொலிஸ்காரர்கள் ‘சேர்’ போடுவதை நிறுத்திவிட்டார்கள். வலது பக்கத்துக்கு வருவதற்கு இன்னும் ஒரு சாண்தான் என்று நான் சந்தோசப்பட்டேன். ஆனால் அந்த ஒரு சாணை அவர் தாண்டவில்லை. திறப்பை அவருக்குக் கிட்ட வைத்துப் பார்த்தேன், எடுத்து எனக்குத் தந்தார். தலையிடி என்று சொல்லிப் பார்த்தேன், பனடோல் வாங்கித் தந்தார்.

இந்த நேரத்தில் எனக்கு ரயர் செருக்கு வந்துவிட்டது. மழையையே பிடித்த ரயர் எதைத்தான் பிடிக்காது என்ற எண்ணம். முன்பு அடக்கமாக ஓடியவள் இப்போது பஸ்ஸை முந்துவேன், வளைவில் காலை எடுக்கமாட்டேன். அவர் சில வேளை “மெல்லமா” என்பார். “ரயர் பிடிக்குமப்பா” என்பேன்.

பெரும்போக அரிவு வெட்டு முடிந்தால் எங்கள் பரந்தன், முல்லைத்தீவு வீதியில் பாதியை நெல் எடுத்துக்கொள்ளும். வேறு எங்கே காயப்போடுவது? ஈர நெல்லை யாரும் வாங்கமாட்டார்கள், வெயிலில் கொதிக்கிற தார் வீதியைப் போல நல்ல களம் வேறில்லை. ஒரு பக்கத்தில் நீட்டுக்கு நெல்லைப் பரப்பி, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கல்லையோ பச்சைக் கொப்பையோ வைத்துவிடுவார்கள். கொப்பைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, விலகிப் போக வேண்டும். எதிரே வண்டி வந்தால் கொப்புக்கு இந்தப் பக்கமே நின்று வழிவிட வேண்டும். எழுதாத சட்டம், எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நெல்லை எப்படிக் காயவைப்பது என்று கூட்டம் போட்டுச் சொல்கிறவளே நான்தான்.

அன்று விசுவமடுவிலிருந்து வந்துகொண்டிருந்தோம். வீட்டுக்குக் கிட்ட வந்துவிட்டோம். கொப்பைக் கண்டேன். எதிரே ஒரு பஸ் வந்தது. நின்றிருக்க வேண்டும். நெல்லின் ஓரத்தால் ஏறிச் சட்டென்று போய்விடலாம் என்று, வேகத்தைக் குறைக்காமல் ஏற்றினேன். பஸ் தாண்டியது. நெல்லின் அந்தத் தலைப்பில் ஒரு அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் நெல்லைக் கிளறி வரி போட்டபடி நின்றா. பிறேக்கை மிதித்தேன்.

கார் நிற்கவில்லை. ரயர் வீதியில் இல்லை, நெல்லில் இருந்தது. கோடிக்கணக்கான மணிகள் சில்லுக்கடியில் உருண்டன. எவ்வளவு நல்ல ரப்பரானாலும் உருளுகிற ஒன்றை எப்படிப் பிடிக்கும்? பின்பக்கம் மெல்ல இடதுக்கு விலகுவதை என் இடுப்பில் உணர்ந்தேன். இன்னும் இறுக்கி மிதித்தேன்.

“பிறேக்கை விடு!” என்று பக்கத்தில் ஒரு குரல். லொறிக்காரக் குரல். “விடு! விடு காலை!”

விட்டேன். அவருடைய வலது கை குறுக்கே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. திருப்பவில்லை, சும்மா பிடித்தது. கார் நேராகியது. கை கொஞ்சம் வலதுக்குப் போனது, சில்லுகள் நெல்லை விட்டிறங்கித் தாரைத் தொட்டன. “இப்ப மிதி!” மிதித்தேன். தார் பட்ட கணமே ரயர் கடித்துப் பிடித்தது, கார் அந்த அம்மாவுக்குப் பக்கவாட்டில் நின்றது. அவவின் சேலைத் தலைப்பு காரின் இடது பக்கக் கண்ணாடியில் பட்டது.

அவ திரும்பிப் பார்த்தா. என்ன நடந்ததென்று விளங்க அவவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் என்னுடைய பரம்பரையையே வீதிக்கு இழுத்தா. அவ திட்டத் திட்ட எனக்கு ஆறுதலாக இருந்தது. திட்டுகிற ஆள் உயிரோடு இருக்கிற ஆள். என் கணவர் இறங்கி அவவிடம் மன்னிப்புக் கேட்டார், காலால் நெல்லைக் கூட்டி வரியைச் சரிசெய்து கொடுத்தார்.

நான் இன்னும் பிறேக்கை மிதித்தபடியே இருந்தேன். அவர் வந்து என்னுடைய பக்கக் கதவைத் திறந்தார்.

“எனக்கு ஏலாதப்பா” என்றேன். “நான் இனி ஓடமாட்டன். ஆரையும் கூப்பிடுங்கோ. காரை வித்துப்போடுவம்.”

அவர் வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். வெயில் கொளுத்தியது. எங்களுக்குப் பின்னால் ஒரு உழவு இயந்திரம் பெட்டியோடு வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அவர் என் கையைப் பிடித்து இறக்கி, மற்றப் பக்கம் கொண்டுபோய் இருத்தினார். திரும்பி வந்து வலது பக்கம் ஏறினார். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார், கண்ணாடியைத் திருத்தினார். மேல்சட்டை முழுக்க வியர்வை. கியரைப் போட்டார். கார் நகர்ந்தது.

சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார், அவ்வளவு மெதுவாக என் கணவர் ஓடினார். பிறகு கொஞ்சம் வேகம் எடுத்தார். எங்கள் ஒழுங்கை வந்தது. அவர் திருப்பவில்லை.

“இஞ்சருங்கோ, ஒழுங்கை போட்டுது.”

“தெரியும்.”

பரந்தன் சந்திவரை ஓடினார். சந்திக்குக் கிட்ட ஒரு கடை வாசலில் காரைத் திருப்பி, வந்த பக்கமே பார்க்க நிறுத்தினார். ஒரு சோடா வாங்கி வந்து என்னைக் குடிக்க வைத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். பயத்தில் அழுதேனா, அவர் ஓடியதில் அழுதேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இவ்வளவு காலம் காத்திருந்த ஒன்றைக் கடைசியில் இப்படியா பார்க்க வேண்டும்.

சோடா முடிந்ததும் அவர் இறங்கி, என் பக்கக் கதவைத் திறந்து, திறப்பை நீட்டினார்.

“இப்ப நீ ஓடு.”

“ஏலாதெண்டு சொல்லுறன்.”

“ஒழுங்கைக்குள்ள விடாதை. நேரா அந்த நெல்லுக் கிடக்கிற இடம்வரைக்கும் போ. மெல்லமாப் போ. அதைத் தாண்டிப் போய்த் திருப்பி வா. பேந்து வீட்டை போவம்.”

“நாளைக்கு ஓடுறனப்பா. இண்டைக்கு என்னை விடுங்கோ.”

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். வீதியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“நாளைக்கு எண்டுதான் நானும் படுத்தனான்” என்றார்.

நான் அவருடைய கையிலிருந்து திறப்பை வாங்கினேன்.